கொக்கிப்புழுவும் என் மனைவியின் மௌனமும்

அந்தக் காலத்தில் நான் மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் அட்டெண்டன்டாக இருந்தேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'ரத்தம் பார்க்கிற வேலை' என்பேன். கேட்டவர்கள் கொஞ்சம் மரியாதையோடு தலையாட்டுவார்கள். உண்மையில் பாதி நாள் மலம் பார்க்கிற வேலைதான். தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் தீப்பெட்டியிலும் சிகரெட் டின்னிலும் வாழையிலைப் பொட்டலத்திலும் கொண்டுவந்து, வெட்கத்தோடு மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். குச்சி முனையில் துளி எடுத்து, கண்ணாடித் துண்டில் உப்புத் தண்ணீரோடு கலந்து, மேலே இன்னொரு மெல்லிய கண்ணாடியைப் போட்டு மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தள்ளுவேன். கொக்கிப்புழு முட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு நேரமே ஆகாது. மெல்லிய ஓட்டுக்குள் நாலு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு தரம் பார்த்தவனுக்கு மறக்காது. லேபில் என்னைவிட வேகமாகப் பார்க்க ஆள் இல்லை என்ற பெருமை எனக்கு இருந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் சொல்லப்போவது என் மனைவிக்கு நேர்ந்ததை. அதில் என் பங்கு என்ன என்பது கேட்பவர்களுக்கே விளங்கிவிடும்.

அவள் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பன்னிரண்டு வயதிலிருந்து பால் வெட்டியவள். கல்யாணத்துக்கு முன் செருப்புப் போட்டதே இல்லை என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். கல்யாணம் ஆனதும் காஜா பெராங்கில் பலகை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. வந்த மாதமே அதைக் கொத்திப் பாத்தி கட்டிவிட்டாள். கீரை, வெண்டை, கத்திரி என்று ஏதாவது தழைத்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் காய்கறி போட்ட சீனர் தன் பாத்திக்கு ஊற்றுகிற எருவில் கொஞ்சம் இவளுக்கும் கொடுப்பார். அது எங்கள் தெருவின் வாளிக் கக்கூஸ்களிலிருந்து போன எருதான். எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இவள் வெறுங்காலோடு அதில் நின்று தண்ணீர் ஊற்றுவாள்.

அடுத்த வீட்டில் ஒரு செட்டி அம்மா இருந்தார். பல தலைமுறைகளாக மலாக்காவில் இருக்கும் செட்டிகள் வீட்டில் பொட்டும் பூவும் எங்களைப் போலவே இருக்கும், பேச்சு மட்டும் மலாய். அந்த அம்மாவுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். என் மனைவிக்கு மலாயில் ஐம்பது தெரிந்திருக்கும். அதை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் வேலி ஓரத்தில் மணிக்கணக்கில் பேசிச் சிரிப்பார்கள். அவள் அப்படிப்பட்டவள். வாய் ஓயாது.

முதலில் பெண் குழந்தை. அவளுக்கு இரண்டு வயதாகும்போது ஒரு பையன் பிறந்தான். நாற்பது நாள் இருந்தான். காய்ச்சல் வந்து இரண்டே நாளில் போய்விட்டான்.

என் மனைவி அழவில்லை. அதை நான் தைரியம் என்று நினைத்தேன். அடக்கம் முடிந்து வந்தவர்கள்கூட, "உம்பொண்டாட்டிக்கு நெஞ்சு உறுதி தம்பி" என்றார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் அது தைரியம் இல்லை என்று தெரிய ஆரம்பித்தது. பேச்சு குறைந்தது. கேட்டால் பதில் வரும், ஆனால் எங்கோ போய்விட்டு வருகிற மாதிரி தாமதமாக வரும். காலையில் பாயிலிருந்து எழுந்து உட்காருவாள், அப்படியே உட்கார்ந்திருப்பாள். அடுப்பில் உலையை வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே தீய விடுவாள். பாத்தியில் களை மண்டியது. வேலி ஓரத்துப் பேச்சு நின்றுபோனது. மகள் பாவாடையைப் பிடித்து இழுத்தால் குனிந்து பார்ப்பாள், தூக்க மாட்டாள்.

"உனக்கு என்னதான் செய்யுது?" என்று கேட்பேன்.

"ஒண்ணும் செய்யல. கையும் காலும் என்னுது மாதிரி இல்ல" என்பாள்.

நான் பொறுமையான மனிதன் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் சமாதானம் சொன்னேன். பிறகு எரிச்சல் வந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தேன். சோறு இல்லை. குழந்தை ஈரத் துணியோடு தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தது. இவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஊரு உலகத்துல யாருக்கும் பிள்ளை சாகலையா? சோம்பேறித்தனத்துக்கு அது ஒரு சாக்கா?" என்று கத்தினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, வருத்தம் இல்லை. 'சரி' என்பதுபோல ஒரு பார்வை. அந்த வார்த்தையை நான் திரும்ப எடுக்க முடியாது. 

புக்கிட் ரம்பாயில் இருந்த என் அக்கா வந்து தங்கினாள். கணவனை இழந்தவள், உழைப்பாளி. வந்த அன்றே வீட்டைக் கழுவி, குழந்தையைக் குளிப்பாட்டி, சமைத்து வைத்தாள். இரண்டு நாள் என் மனைவியைக் கவனித்துவிட்டு என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, இது துக்கம் இல்ல. துக்கம்னா அழுகை வரும். இவ மூஞ்சியப் பாரு, வெளுத்துப்போய் மெழுகு மாதிரி இருக்கு. ஏதோ ஒண்ணு அவள உறிஞ்சுது."

அக்கா சொன்னதை இப்போது நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. சொன்ன வார்த்தை அவ்வளவும் சரி. அது என்னவென்பதில்தான் தவறிவிட்டாள். தெரிந்த ஒரு பூசாரியிடம் கூட்டிப்போனாள். மூன்று வெள்ளிக்கிழமை திருநீறு போட்டு, வேப்பிலையால் அடித்து, எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். இவள் எங்கே உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்தாள். அடித்தபோது கையைக்கூடத் தூக்கவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை அங்கேயே மயங்கி விழுந்தாள். அது 'இறங்கிவிட்டது' என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் பழையபடி சுவரோடு சாய்ந்துகொண்டாள். அக்கா தன் வீட்டைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஊரே கிளம்பி பண்டார் ஹிலிர் பாடாங் திடலுக்குப் போன அந்தக் காலை வந்தது. லண்டனில் பேசி முடித்துவிட்டுத் தலைவர்கள் திரும்புகிறார்கள், சுதந்திரத்துக்கு நாள் சொல்லப்போகிறார்கள் என்று பேச்சு. லேபில் பாதிப் பேர் அங்கேதான். நானும் போனேன். கூட்டத்தோடு சேர்ந்து 'மெர்டேக்கா' என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். பல மாதங்களுக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. மனைவிக்கும் இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும் என்று சைக்கிளை வேகமாக மிதித்து வந்தேன்.

வாசலில் செட்டி அம்மா என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் சரியில்லை. குழந்தை ரோட்டு வரைக்கும் போய்விட்டதாம், அவர்தான் பார்த்துத் தூக்கி வந்தாராம். பிறகு குரலைத் தாழ்த்தி மலாயில் சொன்னார்: "உன் மனைவி மண் தின்கிறாள். இன்றைக்கு மட்டும் இல்லை, பல நாளாகப் பார்க்கிறேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன்."

பின்னால் போய்ப் பார்த்தேன். காய்ந்த பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் செம்மண். கையில் ஒரு கட்டியைப் பிஸ்கட் மாதிரி பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அதைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். பல மாதத்தில் அவள் முகத்தில் நான் பார்த்த முதல் உணர்ச்சி அந்த வெட்கம்தான்.

அன்று முடிவு செய்தேன். இது பைத்தியம். எங்கள் ஊரில் அப்போது 'ஜொகூருக்கு அனுப்பிட்டாங்க' என்று சொன்னால் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படிப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. ஆனாலும் குழந்தை ரோட்டில் நின்றதை நினைத்தால் வேறு வழி தெரியவில்லை. அனுப்புவதற்கு டாக்டர் கையெழுத்து வேண்டும். மறுநாள் அவளுக்கு நல்ல புடவை கட்டிவிட்டு, ரிக்‌ஷாவில் வைத்து, நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன்.

அன்று வெளிநோயாளிகளைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். அதிகம் பேசாதவர். லேபுக்கு வந்தால் சீட்டைப் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், குழந்தை செத்தது, பேச்சு நின்றது, மண் தின்பது. கேட்டுக்கொண்டே அவர் எழுந்து வந்து, என் மனைவியின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கை நகங்களைத் திருப்பிப் பார்த்தார். கால் விரல் இடுக்கைப் பார்த்தார். அங்கே பழைய சொறி ஆறித் தழும்பாகக் கிடந்தது.

"இவ எத்தினை வருசம் தோட்டத்தில இருந்தவ?"

"பொறந்ததுலேர்ந்து, டாக்டர்."

"நீர் லேபிலதானே வேலை செய்யிறீர்?"

"ஆமா டாக்டர்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "இந்தக் கண்ணை ஒருக்கா இழுத்துப் பார்த்தனீரா?" என்று மட்டும் கேட்டார். அவர் இழுத்துப் பிடித்திருந்த இமைக்குள் நான் அப்போதுதான் எட்டிப் பார்த்தேன். சிவப்பு என்று ஒன்று அங்கே இல்லை. காகிதம் மாதிரி இருந்தது.

"போய் நீரே பார்த்துக்கொண்டு வாரும்" என்று இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முதலில் ரத்தம். விரல் நுனியில் குத்தினேன். ஊசி குத்தியதற்கு அவள் முகம் சுளிக்கவில்லை. வந்த துளி நீர்த்திருந்தது. ஆசிட்டில் கலந்தால் ரத்தம் பழுப்பாக மாறும். பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் குச்சியின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, எத்தனையாவது கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நன்றாக இருக்கிறவர்களுக்கு விட்டுக்கொண்டே இருக்கலாம். இவளுடையதில் சில சொட்டு விட்டதுமே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. நான் தப்பு செய்துவிட்டேன் என்று மறுபடி குத்தினேன். அதே அளவுதான். இவ்வளவு கொஞ்சம் ரத்தத்தில் ஒருத்தி எழுந்து உட்கார்ந்ததே பெரிய காரியம். அவளைத்தான் நான் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன்.

பிறகு மற்றது, தீப்பெட்டியில் அவள் கொடுத்தது. என்னோடு வேலை செய்தவர், "நான் பாக்கட்டுமா?" என்று தயவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, கண்ணாடியை நகர்த்தக்கூட வேண்டியிருக்கவில்லை. பார்த்த இடமெல்லாம் முட்டைகள். அன்று அந்த மேசையில் அதைப்போல இன்னும் ஏழெட்டுத் தீப்பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து வந்தது என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

சீட்டைப் பார்த்த டாக்டர் அவளை வார்டில் சேர்த்தார். ஜொகூர்ப் பேச்சை நானே எடுத்தேன்.

"அப்ப இது பைத்தியம் இல்லையா, டாக்டர்? எல்லாம் பூச்சியாலதானா?"

"அப்பிடி நான் சொல்ல மாட்டன்" என்றார். "பிள்ளையைப் பறிகுடுத்தவ. மனசும் உடைஞ்சிருக்கும். பூச்சி எவ்வளவு, மனசு எவ்வளவு எண்டு பிரிச்சுச் சொல்ல என்னட்டைக் கருவி இல்லை. முதல்ல ரத்தம் ஏறட்டும். பிறகு மனசைப் பாப்பம்."

பூச்சி மருந்தை உடனே கொடுக்கவில்லை. உடம்பு தாங்காது என்றார்கள். ஒரு புட்டி ரத்தம் ஏற்றினார்கள். பிறகு இரும்பு மாத்திரை, முட்டை, பால். மூன்று வாரம் ஆனது. அக்கா திரும்ப வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். தினமும் பாசாரில் ஈரல் வாங்கி, மிளகு போட்டு வறுத்து, டிபன் கேரியரில் கொடுத்தனுப்பினாள்.

மருந்து கொடுத்த காலை நான் பக்கத்தில் இருந்தேன். வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். ஸ்பிரிட் மாதிரி குப்பென்று வாடை அடிக்கும், தலை கிறுகிறுக்கும். குடித்துவிட்டுக் கட்டிலில் படுத்தவள், சற்று நேரத்தில் கண்ணைத் திறந்து மேல்கூரையைப் பார்த்தாள். "ஏங்க" என்றாள்.

"என்ன?"

"கட்டில் ஓடுது. கள்ளு குடிச்சா இப்படித்தான் இருக்குமா? எங்கப்பா சாயங்காலமானா ஏன் பாடுனாருன்னு இப்பத்தான் தெரியுது."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். அவள் தானாகக் கூப்பிட்டு என்னிடம் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது.

வெளியே வந்த புழுக்களை அலசி எடுத்து ஒரு குப்பியில் போட்டேன். வெட்டிப் போட்ட வெள்ளை நூல் துண்டுகள் மாதிரி இருக்கும், விரல் நகத்து நீளம்கூட இல்லை. அக்காவிடம் காட்டினேன். குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இத்துணூண்டா?"

"ஆமாக்கா. குடல்ல கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு ரத்தம் குடிக்கும். கால் வழியாத்தான் உள்ள போகுது, மண்ணுலேர்ந்து."

அக்கா குப்பியைக் கீழே வைத்தாள். "அப்போ அந்தப் புள்ளைய அடிக்க விட்டு நான் பக்கத்துல நின்னேனே, தம்பி..." என்றாள். அவளைச் சொல்லி என்ன? அவள் படிக்காதவள். தன் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து ஓடியாடி ஏதோ செய்தாள். தினம் அந்தப் புழுவின் முட்டையைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான்தான்.

வீட்டுக்கு வந்தவளுக்கு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. ரத்தம் குறைந்ததால் வந்த மண் ஆசை எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. மரக்கட்டைச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். டக் டக்கென்று பாத்தி வரைக்கும் போட்டுக்கொண்டு போவாள். அந்தச் சீனரிடம் எரு வாங்குவதை நிறுத்தினோம். அவருக்குக் காரணம் சொல்ல எனக்கு மலாயில் வார்த்தை போதவில்லை. செட்டி அம்மா எப்படியோ சொல்லிப் புரியவைத்தார். அந்தச் சீனரும் தன் வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் லேபுக்கு வந்தார்.

எல்லாம் நேராகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பின்பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இறந்துபோன பையனின் சின்னச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். துணி மூட்டைக்கு அடியில் கிடந்ததாம். செத்த வீட்டில் அழுகிற அழுகை, ஒப்பாரியே வைத்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். அக்காதான் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு. இப்பத்தான் அவளுக்கு அழ முடியுது."

அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருமாக அழுதார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் செட்டி அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போய் உட்கார்ந்தேன். பையன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் அவனுக்காக அழுதோம். அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

இத்தோடு கதையை முடித்தால் பூச்சிதான் எல்லாம் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. சுதந்திரம் வந்த மறு வருஷம் எங்களுக்கு இன்னொரு பெண் பிறந்தது. பிறந்து சில வாரங்களில் இவள் மறுபடி மௌனமானாள். நான் அன்றே அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. ரத்தம் பார்த்தேன், குறைவில்லை. மலம் மூன்று தரம் பார்த்தேன், ஒரு முட்டைகூட இல்லை. இருந்திருந்தால் மருந்து கொடுத்துவிடலாமே என்று மனம் ஏங்கியது. டாக்டரிடம் சீட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இந்த முறை லேபில ஒண்டும் கிடைக்காது. வீட்டில இரும், அவவோட கதையும்" என்றார். 'கதையும்' என்றால் அவர்கள் பேச்சில் 'பேசும்' என்று அர்த்தம்.

லீவு போட்டேன். அவள் பேசாதபோது நானும் பேசாமல் பக்கத்தில் இருந்தேன். பேசினால் கேட்டேன். இந்தக் குழந்தையும் நாற்பது நாளில் போய்விடும் என்ற பயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது என்பது அப்படித்தான் தெரிந்தது. குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தாள்.

பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்:

"ஏங்க, அப்போ நான் பைத்தியமாத்தான் இருந்தேனா?"

"தெரியல. டாக்டருக்கே தெரியலன்னுதான் சொன்னாரு."

"எனக்குத் தெரியும்" என்றாள். "நான் உள்ளுக்குள்ளதான் இருந்தேன். நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு. எழுந்து வரத்தான் முடியல."

நான் சொன்ன அந்த வார்த்தையும் கேட்டிருக்கும். அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க அன்று எனக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. கேட்டேன். அவள் கீரைக் கட்டை என் பக்கம் தள்ளி, "இதுல பாதிய ஆயுங்க" என்றாள்.